மேட்டில் ஏற்றி நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்

கேள்வி: என்னிடம் 2001 மாடல் மஹிந்திரா பிக்கப் இருக்கிறது. பழைய பீஜோ டீசல் இன்ஜின். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கேரட், பீட்ரூட் போடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு இறக்குவேன். ஆடி மழையிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஹீட்டர் போட்டு நாலைந்து முறை செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறதே தவிர, பிடிப்பதில்லை. அப்போது சைலன்சரில் புகையே வருவதில்லை. ஃபில்டர் மேலுள்ள கைப் பம்பைப் பதினைந்து இருபது தடவை அமுக்கிவிட்டு அடித்தால் பிடிக்கும். ஒரு நிமிடம் தடுமாறி, வெள்ளையாகப் புகைத்து, பிறகு சீராகிவிடும். பகலில் சூட்டோடு நிறுத்தி எடுத்தால் தொல்லையே இல்லை. மண்டியில் இரவு தங்கினால் காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. வீட்டில் வண்டியை வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்துவது வழக்கம். போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்காக வாசலில் பந்தல் போட்டிருந்ததால், கீழ் ரோட்டில் இறக்கம் பார்த்து நிறுத்தினேன். மறுநாள் காலை நல்ல குளிர், ஆனாலும் உடனே பிடித்தது. பேட்டரி புதிது, நாலு ஹீட்டர் பிளக்கும் புதிது. 'குளிருக்குத்தான் இப்படி. பம்ப் வீக், கம்ப்ரஷனும் இறங்கிவிட்டது. பம்பைக் கழற்றிக் கோவைக்கு அனுப்ப வேண்டும்' என்கிறார் மெக்கானிக். அனுப்பட்டுமா? அதுவரை ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா? மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகும் என்று ஒரு எஸ்டேட் டிரைவர் சொல்கிறார், கலக்கலாமா?
— கோத்தகிரி வாசகர்

பதில்:

டீசலை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிற அந்தப் பம்பைக் கழற்ற வேண்டாம். இப்போதைக்கு அதில் ஸ்பானரே வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பந்தல் போட்ட சேதியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி. அதே வண்டி, அதே ஊர், அதே குளிர், அதே பம்ப். மாறியது ஒன்றே ஒன்று. மூக்கு மேலே பார்த்து நிற்கிற வண்டி அன்றைக்கு மூக்கு கீழே பார்த்து நின்றது, உடனே பிடித்தது. பம்ப் வீக் என்றால் சரிவு மாறியதும் அது எப்படிப் பலம் பெறும்? கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படுகிற அழுத்தம், இறங்கியிருந்தால் ஒரே ராத்திரியில் எப்படி ஏறும்?

மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஸ்டார்ட் ஆவதை வைத்துத்தான் குளிர் மேல் பழி போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே வெக்கை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மண்டியில் தரையும் சமம். இரண்டு விஷயம் ஒன்றாக மாறும்போது எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. கல்யாணத்தன்று குளிர் அப்படியே இருக்க, சரிவு மட்டும் மாறியதால்தான் விடை கிடைத்தது.

நடப்பது இதுதான். உங்கள் வண்டியில் டீசல் டேங்க் லோடு பாடிக்குக் கீழே, சேஸ் பக்கவாட்டில் தொங்குகிறது. பம்ப் முன்னால், இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் பம்ப் டேங்கைவிட நன்றாக உயரத்தில் நிற்கும். லைனில் எங்கேயும் ஓட்டை இல்லாதவரை, உள்ளே நிற்கிற டீசல் அப்படியே நிற்கும். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருப்பது விழாதல்லவா, அந்தக் கதைதான். விரலைக் கொஞ்சம் விலக்கினால் போதும், இறங்கிவிடும். உங்கள் லைனில் எங்கேயோ ஒரு மயிரிழை வழியில் காற்று நுழைகிறது. ராத்திரி முழுக்க டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் இழுப்பது வெறும் காற்று. அதனால்தான் சைலன்சரில் புகையே இல்லை.

இந்தப் புகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது உதவும். இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பிடிக்காதபோது, ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். திட்டுத்திட்டாக வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் நெடியோடு வந்தால், நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற முனை, வழியாக டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் சூடு போதவில்லையா, கம்ப்ரஷன் போதவில்லையா, டைமிங் (டீசல் பாய்கிற நேரம்) பிசகா என்று யோசிக்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. அந்த நிலையில், சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கை மாற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் பணத்துக்குப் பிடித்த கேடு. உங்களுக்கு ஏற்கெனவே அந்தச் செலவு ஆகிவிட்டது. போகட்டும், மலையில் இருக்கிற வண்டிக்கு நல்ல பேட்டரி வீண் போகாது.

புகை இல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பம்பின் மேல் ஒற்றை ஒயரோடு நிற்கிறதே சோலனாய்டு, கரண்ட் வந்தால் டீசல் வழியைத் திறக்கிற மின் வால்வு, அதற்குக் கரண்ட் வராவிட்டாலும் டீசல் போகாது. சாவியை ஆன் செய்ததும் அங்கே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். ஆனால் கைப் பம்பை அமுக்கினால் உங்கள் வண்டி பிடித்துவிடுகிறது. கைப் பம்ப் சோலனாய்டைச் சரிசெய்யாது, காற்றை வெளியேற்றி டீசலைக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். எனவே சோலனாய்டை விட்டுவிடலாம்.

பம்ப் மேல் சந்தேகம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், பகலில் சூடான இன்ஜின் உடனே பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியது. உங்கள் வண்டியில் இருப்பது போன்ற ரோட்டரி பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டால் முதலில் தகராறு செய்வது சூட்டில்தான். சூடான டீசல் தண்ணீர் போல இளகி, தேய்ந்த இடுக்கு வழியாக நழுவிவிடும். செல்ஃப் சுற்றுகிற குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கிற அளவுக்கு அழுத்தம் வராது. 'காலையில் பிடிக்கிறது, லோடு இறக்கிவிட்டு மத்தியானம் எடுத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது' என்று யாராவது எழுதியிருந்தால் பம்பைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுடையது அதற்கு நேர் தலைகீழ்.

கம்ப்ரஷன் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்தாரா, அல்லது சும்மா சொன்னாரா என்று தெரியவில்லை. கேஜ் வைத்தே பார்த்திருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகிற காற்றே குறைவு என்னும்போது கேஜில் முள்ளும் குறைவாகத்தான் ஏறும். கோவையில் 28 பார் காட்டுகிற நல்ல இன்ஜின் உங்கள் ஊரில் 24 பக்கம்தான் காட்டும். புத்தகத்தில் இருக்கிற அளவைச் சமவெளிக்காரர் மலையில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இன்ஜின் போச்சு' என்று ரிங் மாற்றவைத்த கதைகள் உண்டு. மலையில் கம்ப்ரஷன் பார்த்தால் மொத்த அளவைவிட நாலு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விழுந்து கிடந்தால் அதில் கோளாறு. நாலும் ஒரே மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தால் பதற வேண்டியதில்லை.

இனி ஓட்டையைத் தேடுவோம். இந்த மாதிரி லீக் கண்டுபிடிக்கச் சிரமமானது. இன்ஜின் ஓடும்போது இந்த லைனில் இருப்பது உறிஞ்சல். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'எங்கேயும் லீக் இல்லை' என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

உங்கள் ஊர் சரிவையே இதற்குக் கருவியாக்கலாம். ஒருநாள் சாயங்காலம் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், வண்டியைக் கீழ் ரோட்டில் நல்ல இறக்கம் பார்த்து, மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். இப்போது டேங்க் உயரத்தில், பம்ப் தாழ்வில். டீசல் தன் எடையாலேயே முன்னால் தள்ளும். காற்று நுழைந்த அதே ஓட்டை வழியாக இப்போது டீசல் வெளியே கசிய வேண்டும். இன்ஜின் ஆறியதும் டேங்கிலிருந்து பம்ப் வரை லைனில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஃபில்டர், கைப் பம்ப், ஓஸ் முனைகள் எல்லாம். அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் வெளிச்சம் வந்ததும் போய் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அட்டையில் பொட்டு விழுந்திருந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். பொட்டு விழாவிட்டாலும் ஏதாவது ஓர் இணைப்பில் விரல் பிசுபிசுக்கும்.

துடைப்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வதும் நல்லது. மெல்லக் கசிகிற இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாக, மை பூசியது போல இருக்கும். சுற்றிலும் காய்ந்த செம்மண்ணும் ஓரிடத்தில் மட்டும் கறுப்பும் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கெல்லாம் பார்ப்பது? என் கை முதலில் போவது ரப்பர் ஓஸ்களுக்கு. டேங்கிலிருந்து சேஸ் பைப்புக்கு ஒன்று, சேஸ் பைப்பிலிருந்து இன்ஜின் பக்கம் ஒன்று, இப்படி இரண்டு மூன்று துண்டுகள் இருக்கும். இருபது வருஷ வண்டியில் அவை விறைத்துப்போய், முனையில் வெடிப்பு விட்டிருக்கும். கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் விறைத்த ரப்பர் பைப்பைக் கவ்வாது. கிளிப்பை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் ஓஸையே மாற்றிவிடுங்கள். டீசலுக்கென்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஓஸையும் காற்று ஓஸையும் வெட்டி மாட்டினால் சில மாதத்தில் ஊறிப் பொதபொதத்துவிடும்.

அடுத்து ஃபில்டர். ஆடியிலிருந்துதான் தொல்லை என்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபில்டர் மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். புது ஃபில்டர் போடும்போது பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது வளையம் உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே ஃபில்டரின் அடியில் தண்ணீர் இறக்குகிற திருகும் இருக்கும். அதன் வாஷர் போயிருந்தாலும் காற்று எடுக்கும். திறந்த கையோடு அடியில் தேங்கிய தண்ணீரையும் இறக்கிவிடுங்கள்.

ஃபில்டர் தலையிலும் பம்பிலும் துளையுள்ள போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் செம்பு வாஷர் வைத்திருப்பார்கள். ஒருமுறை இறுக்கிய செம்பு வாஷர் கெட்டிப்பட்டுவிடும். அதையே திரும்பப் போட்டால் சரியாக உட்காராது. புதிது போடுங்கள். அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு இளகிவிடும், மறுபடியும் அமரும். பழைய ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், தவறில்லை.

கைப் பம்பையே பலர் மறந்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற ரப்பரும் வால்வும் தேய்ந்தால் காற்றும் உள்ளே வரும், டீசலும் பின்னால் இறங்கும். நீங்கள் மாதக்கணக்கில் தினமும் இருபது தடவை அமுக்கியிருக்கிறீர்கள். அது எப்போதாவது அமுக்குவதற்காக வைத்த சாமான். தலைப்பக்கம் ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

சேஸ் ஓரமாக ஓடுகிற இரும்புப் பைப்பில் கிளாம்ப் பிடித்திருக்கிற இடங்களைப் பாருங்கள். கிளாம்புக்கு அடியில் சேறு தங்கித் துருப்பிடித்து ஊசித்துளை விழும். நீங்கள் உரமூட்டையும் ஏற்றுகிற ஆள் என்றால் கட்டாயம் பாருங்கள், உப்புரம் கலந்த ஈரம் இரும்பை வெகுவேகமாகத் தின்னும். கடைசியாக, நாசில்களின் தலையை ஒன்றோடொன்று இணைத்து, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புகிற மெல்லிய ரிட்டர்ன் ஓஸ். அது துணி பின்னிய சிறு குழாய். கடைசி நாசிலில் ஒரு சின்ன மூடி இருக்கும், அது வெடித்தாலும் அந்த வழியாகக் காற்று நுழையும். விலை மலிவு, அதனால் பார்த்துக்கொண்டிருக்காமல் மொத்தமாக மாற்றிவிடலாம்.

இறக்கத்தில் நிறுத்தியும் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றால், ஒரு அடி நீளம் கண்ணாடி ஓஸ், அதாவது உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஓஸ், வாங்கி ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் போடுங்கள். சாயங்காலம் நிறுத்தும்போது அதில் டீசல் முழுசாக நிற்கும். வழக்கம் போல மேட்டில் நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். காலியாக இருந்தால் டீசல் இறங்கியது உறுதி. அடுத்த நாள் அதே ஓஸைக் கழற்றி ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கத்து லைனில் போட்டு, ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயே குமிழி ஓடினால் கோளாறு டேங்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவில். அங்கே சுத்தமாக ஓடி, ஃபில்டரைத் தாண்டிய பிறகு குமிழி வந்தால் ஃபில்டர் அல்லது கைப் பம்ப். தேடுகிற நீளம் பாதியாகிவிடும். இந்தக் கண்ணாடி ஓஸைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். இன்ஜின் சூட்டிலும் டீசலிலும் அது சீக்கிரமே விறைத்து உடைந்துவிடும்.

டேங்கின் வாயில் காம்ப்ரசர் காற்றை அடித்து லீக் பார்க்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். டேங்க் உப்பி, ஒட்டுப் பிரிந்துவிடும்.

எல்லாம் மாற்றியும் தீரவில்லை என்றால் மட்டும் இன்னொரு சோதனை. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, பம்பைவிட உயரத்தில், சைலன்சர் மேனிஃபோல்டுக்கு எட்டாத தூரத்தில் அசையாமல் கட்டி வையுங்கள். கேனிலிருந்து நேரே பம்புக்கு ஓர் ஓஸ், ரிட்டர்னும் அதே கேனுக்கு. டேங்க், சேஸ் பைப், ஃபில்டர் மூன்றையும் இப்படி ஒதுக்கிவிட்டு, ஓஸில் உள்ள காற்றை வெளியேற்றி, ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஒரே செல்ஃபில் பிடித்தால் பம்ப் நல்ல பம்ப்தான், ஒதுக்கிய பகுதியில்தான் இன்னும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கேனிலிருந்தும் பிடிக்காமல், புகையும் இல்லாமல் இருந்தால் அப்போது பம்பைக் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம். வண்டியை இந்தச் சோதனையோடு ரோட்டில் ஓட்டக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

ஏன் பம்பைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்? செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பம்பைக் கழற்றி மாட்டினால் டைமிங் மறுபடியும் வைக்க வேண்டும். அதை டயல் கேஜ் வைத்துத்தான் வைக்க வேண்டும். காதால் கேட்டு, பம்பை இப்படியும் அப்படியும் திருப்பி 'சரியாயிடுச்சு' என்பவர்கள் நிறைய. அப்படி வைத்த வண்டிக்கு நிஜமாகவே குளிர் ஸ்டார்ட்டிங் தொல்லை வரும், வெள்ளைப் புகையும் வரும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு நோயை வாங்கிக்கொள்வதில் முடியும். ஓஸ், கிளிப், வாஷர் எல்லாம் மாற்ற ஆகிற செலவு பம்ப் வேலைக்கு ஆவதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

வேலை முடிகிற வரை காலையில் நீங்கள் செய்கிற வரிசையை மட்டும் மாற்றுங்கள். இப்போது முதலில் ஹீட்டர் போட்டு, நாலைந்து முறை செல்ஃப் அடித்து, அப்புறம் இறங்கிப் போய்க் கைப் பம்ப் அமுக்கி, திரும்ப வந்து செல்ஃப் அடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்குள் ஹீட்டர் சூடு ஆறிவிடும், பேட்டரியும் பாதி களைத்திருக்கும். ஒரு நிமிடத் தடுமாற்றத்துக்கும் வெள்ளைப் புகைக்கும் இது ஒரு காரணம், லைனில் மிச்சமிருக்கிற காற்று இன்னொரு காரணம். முதலில் பானெட்டைத் திறந்து, கைப் பம்ப் கல் மாதிரி கெட்டிப்படுகிற வரை அமுக்குங்கள். பிறகு ஹீட்டரைப் பதினைந்து இருபது நொடி போட்டு, உடனே செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஹீட்டர் போட்டு அடியுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சுருள் கருகிவிடும், பிறகு அதற்கு வேறு தனிச் செலவு.

கைப் பம்ப் கெட்டிப்பட்டும் பிடிக்காத நாளில், காற்று நாசில் பைப் வரை போயிருக்கும். நாசில் முனையில் உள்ள இரண்டு நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். அப்போது கை அந்த நட்டுகளுக்கு அருகில் இருக்கவே கூடாது. நாசில் திறக்கிற அழுத்தம் 100 பாருக்கு மேல். அந்த வேகத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்ன ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கிற அளவுக்குப் போகக்கூடிய காயம். அப்படி நடந்தால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே கூடவே கூடாது. உங்கள் இன்ஜினில் ஹீட்டர் பிளக் இருக்கிறது. ஸ்ப்ரேயில் இருக்கிற ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பழுக்கக் காய்ந்த பிளக்கில் பட்டதும், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் ஓரம் பெயரும், சில நேரம் ஹெட் கேஸ்கட் போகும். ஏர் கிளீனர் வாயில் எரிகிற துணியைக் காட்டுகிற பழக்கமும் மலையில் இருக்கிறது. அதையும் விட்டுவிடுங்கள். ஏர் கிளீனர் எண்ணெயில் தீப்பிடித்தால் வண்டியே போய்விடும். போதாததற்கு, உங்களுக்குக் குறை சூடு இல்லை, டீசல். டீசல் வராத இன்ஜினுக்குத் தீயைக் காட்டி என்ன பயன்?

ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. லீக் சரியான பிறகும், சுள்ளென்ற மார்கழிக் குளிரில் உடனே பிடிக்காமல் வெள்ளையாகப் புகைத்தால், பிளக் புதிது என்று சும்மா இருக்காதீர்கள். பிளக் மட்டும் புதிதாக இருந்து, அதற்குக் கரண்ட் வராமல் இருக்கலாம். ஹீட்டர் போட்டபடி மல்டிமீட்டரை பிளக்குகளை இணைக்கிற பட்டியில் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டாவது வர வேண்டும். 8, 9 என்று காட்டினால் ரிலேயும் ஒயர் முனையும் கருகியிருக்கும். இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்.

மண்ணெண்ணெய்க்கு வருவோம். எஸ்டேட் டிரைவர் ஏதோ அனுபவத்தில்தான் சொல்லியிருப்பார். கடுங்குளிரில் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்துக்கொள்வது உண்மைதான். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரப்படி, குளிர்காலத்துக்கு விற்கிற டீசல் 6 டிகிரி செல்சியஸ் வரை ஃபில்டரில் அடைக்காமல் போக வேண்டும், மற்ற மாதங்களில் விற்பதற்கு 18 டிகிரி போதும். ஊட்டிப் பக்கம் பனி உறைகிற ஜனவரி விடியலில் வெளியே நிற்கிற வண்டிக்கு இதனால் தொல்லை வரலாம். ஆனால் உங்களுக்குத் தொல்லை தொடங்கியது ஆடி மழையில். குளிர்ச்சி உண்டு, மெழுகு கட்டுகிற குளிர் இல்லை. மெழுகு கட்டிய வண்டி மூக்கை இறக்கியதும் பிடிக்கவும் செய்யாது.

அதைவிட, உங்கள் வண்டியில் இருப்பது ரோட்டரி பம்ப். அதற்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசல்தான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லை. கலந்து ஓட்டினால் இன்றைக்கு நன்றாக இருக்கிற பம்ப் உள்ளே தேய்ந்து, உங்கள் மெக்கானிக் சொன்ன 'பம்ப் வீக்' நிஜமாகிவிடும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். ஜனவரிப் பனிக்குப் பயமாக இருந்தால், அந்த மாதங்களில் ஃபில்டரைப் புதிதாக வைத்துக்கொண்டு, வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்துங்கள்.